ஒருவருக்கும் பன்மை

இங்கிலீஷ் இலக்கணத்தார் பிரதிப் பெயர்களை ஏழெட்டு வகையாகப் பிரிப்பர். சுட்டும் வினாவும் பற்றி முன்னர்ப் பார்த்தோம். இவ்வாரம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பெயர்களுக்கு வருவோம். இவற்றுள் முன்னிலைதான் மாணவர்களைத் திகைக்க வைப்பது.

"ஸார், ‘ஹி’ என்றால் ‘இஸ்’ வருகிறது. எதிரே நிற்பவனும் ஒருவன்தானே? ‘யூ’வுக்கு மட்டும் ஏன் ‘ஆர்’?" என்று நம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்.

கேள்வி நியாயமானதே. ‘யூ’ என்பது ஆதியில் பலரைக் குறித்த சொல். ஒருவனைக் குறிக்கத் ‘தௌ’ என்று வேறொரு சொல் இருந்தது. அதற்குரிய வினை ‘ஆர்ட்’. பிற்காலத்தில் ‘தௌ’ பொது வழக்கினின்று மறைந்தது. அதன் இடத்தில் வந்தமர்ந்த ‘யூ’வோ தன் பழைய பன்மை வினையைக் கைவிடவில்லை.

இம் மாறுதலுக்குக் காரணம் மரியாதை. 13-ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கத்தையொட்டி, பெரிய மனிதர் ஒருவரையும் பன்மையில் அழைக்கலாயினர். பிரபுவுக்கு ‘யூ’, வேலைக்காரனுக்குத் ‘தௌ’. 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர்கள் இதை ஏற்க மறுத்தனர். கடவுள் முன் யாவரும் சமமாதலின், நீதிபதியேயாயினும் ஒருவருக்குத் ‘தௌ’தான் என்று சாதித்தனர், அதன் பொருட்டு வசவும் அடியும் பட்டனர். பாக்ஸும் நண்பர் இருவரும் 1660-ல் இதற்காகவே ஓர் இலக்கண நூலும் வெளியிட்டனர்.

முடிவு என்ன? அவர்கள் எல்லாரையும் ‘தௌ’ ஆக்க விரும்பினர். ஊரார் எல்லாரையும் ‘யூ’ ஆக்கிவிட்டனர்! உயர்ந்தோரைத் தாழ்த்த முயன்ற வழி நிலைக்கவில்லை. யாவரையும் உயர்த்திய வழியே நிலைத்தது. அதனால் இங்கிலாந்தில் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆயினும் சொல்லளவிலாவது வண்டிக்காரனும் மந்திரியும் ஒன்றாயினர்.

நம் மொழியில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக உண்டு. எந்தப் படியை யாருக்கு அளிப்பது என்பதை இலக்கணம் விதிக்கவில்லை, நாமே விதிக்கிறோம். எழுபது வயதுத் தோட்டக்காரரைப் பத்து வயதுப் பையன் "நீ" என்று அதட்டுவதும், பெரியவர்கள் கேட்டும் கேளாதிருப்பதும் நம் வீடுகளில் காணாத காட்சியா?

அந்தப் பையனுக்கு இங்கிலீஷில் ‘யூ ஆர்’ பிழையின்றி வரவேண்டுமென்று பாடுபடுகிறோம். அதற்குமுன், தமிழில் "நீங்கள்" என்பது அவன் வாயில் பழகட்டும்.