கடைத்தெருவும் ஒரு பள்ளிக்கூடம்தான்



கிள்ளான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். "என் மகள் கோலாலம்பூரில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்துவிட்டாள். அடுத்து மேற்படிப்புக்கு ஜப்பானுக்கே போகப் போகிறாள். பரீட்சையில் நல்ல புள்ளிதான் வாங்குகிறாள். ஆனால் ஜப்பானிய ஆசிரியர் நேரில் பேசினால் வாயைத் திறப்பதில்லை. 'தப்பாகச் சொன்னால் சிரிப்பாங்கம்மா' என்கிறாள். பாஷை வராத ஊரில் தனியாக எப்படிச் சமாளிப்பாள்? என் மாமியாரோ ஜப்பான் என்ற பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, முதலில் உங்கள் மாமியாரைப் பற்றிப் பேசிவிடுவோம். அவரைக் குறை சொல்லாதீர்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் - பர்மா ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். அந்த நாளில் நம் மக்கள் காதில் விழுந்த ஜப்பானிய மொழி, அதட்டலும் கட்டளையும்தான். அதை மறக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பேத்தி ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க பாட்டி" என்று கேட்கட்டும். குடும்பத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை எந்த ஊரிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

இனி மகளின் படிப்புக்கு வருவோம். அவள் போகிற பாதை புதியதல்ல. 1982ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'அம்பாங் அசுஹான் ஜெபுன்' என்ற ஆயத்த வகுப்பும் தொடங்கியது. நம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அங்கே மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் ஜப்பானிய மொழி கற்று, கணக்கையும் அறிவியலையும் அந்த மொழியிலேயே படித்தார்கள். முதல் அணி 1984இல் ஜப்பானுக்குப் புறப்பட்டது. அவர்களுக்குப் பிறகு போனவர்களும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஜப்பானிய மொழியைக் கண்டு தமிழ்ப் பிள்ளை பயப்படவே வேண்டியதில்லை. நாம் 'நான் கடைக்குப் போகிறேன்' என்கிறோம். அவர்கள் 'வத்தாஷி வா மிசெ நி இக்கிமாஸ்' என்கிறார்கள். 'மிசெ' என்றால் கடை. 'நி' என்பது நம்முடைய 'கு'. 'இக்கிமாஸ்' என்றால் போகிறேன். நம் வாக்கியத்தைப் போலவே வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருகிறது. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' சேர்த்து 'போகிறாயா' என்போம். அவர்கள் கடைசியில் 'கா' சேர்ப்பார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதிவந்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வாக்கியத்தின் நடை நமக்குப் பழகிய நடை. எழுத்தும் அப்படித்தான். அவர்களுடைய இரண்டு எழுத்து வரிசைகளிலும் அடிப்படை எழுத்துகள் 46, 46தான். 247 எழுத்துகளைக் கற்ற பிள்ளைக்கு அது மலையா? சீன எழுத்துகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் உண்டு. அதற்குத் தினமும் எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் உங்கள் மகளின் குறை எழுத்திலும் இல்லை, இலக்கணத்திலும் இல்லை. வெட்கம்தான் குறை. அதற்கு மருந்து வகுப்பறையில் கிடைக்காது.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலைக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள நம்மவர் கடைகளில் வங்காளதேசத்துத் தம்பிகள் வேலை செய்கிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? வந்த புதிதில் விரலைக் காட்டித்தான் விலை சொல்வார்கள். சில மாதம் கழித்துப் போனால், "அக்கா, முருங்கைக்காய் இன்னைக்குத்தான் வந்துச்சு" என்பார்கள். சீனர் வந்தால் மலாயில் பதில். இவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? வாங்க வருகிறவர்கள்தான் ஆசிரியர்கள். தப்பாகச் சொன்னால் நாம் சிரிக்கிறோம்; சிரித்துக்கொண்டே திருத்தியும் கொடுக்கிறோம். அவர்களும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த முறை சரியாகச் சொல்கிறார்கள்.

நம் பாட்டன் பூட்டன்மாரும் இப்படித்தான் கற்றார்கள். மலாய்ப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள், சீனர் கடையில் மீன் வாங்கியும் கம்பத்துக்காரரிடம் தேங்காய் வாங்கியும் மலாய் பேசினார்கள். பேச்சு ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. நம் கடை அவர்களுக்குக் 'கெடாய்' ஆனது. கப்பல் 'காப்பால்' ஆனது. கட்டில் 'காத்தில்' ஆனது. எந்த வாத்தியாரும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த சொற்களல்ல இவை. வாங்கலிலும் விற்றலிலும் கைமாறியவை.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லி அனுப்புங்கள். காய்கறியைப் பெரிய கடையில் வாய் திறக்காமல் எடுத்துவர முடியும். வாரத்தில் ஒருநாளாவது சின்னக் கடைக்குப் போய், 'இக்குரா தெஸ் கா' என்று விலை கேட்டு வாங்கட்டும். குப்பை போடுவதே அங்கே ஒரு பாடம். எரியும் குப்பை, எரியாத குப்பை, போத்தல் என்று பிரித்து, அதற்கதற்குரிய நாளில்தான் போட வேண்டும். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவிடம், 'சுமிமாசென்' என்று மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தொடங்கிக் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியில் ஒரு சிநேகமும் கிடைக்கலாம். ரயில் நிலையத்து அறிவிப்பு தினமும் ஒரே மாதிரி ஒலிக்கும். முதல் நாள் வெறும் சத்தம். ஒரு மாதத்தில் வார்த்தை. மூன்று மாதத்தில் அர்த்தம். அதைவிடப் பொறுமையான வாத்தியார் யார்?

வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற பிள்ளையானால் இன்னொரு வாக்கியமும் வேண்டும்: 'நிக்கு வா தாபெமாசென்'. இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று பொருள். அதோடு மீனையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பல சாறுகள் மீனைக் கொதிக்க வைத்து இறக்கியவை.

அனுமதி பெற்றால் படிக்கும் பிள்ளைகள் வாரத்துக்கு 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம். பணத்துக்காக மட்டும் அதைப் பார்க்க வேண்டாம். கடையில் நின்று 'வாருங்கள், நன்றி' என்று நாளுக்கு நூறு முறை சொல்கிற வாய்க்கு வெட்கம் எங்கே இருக்கும்? ஆனால் படிப்பைத் தின்கிற அளவுக்கு வேலை ஏறக்கூடாது. ஜப்பானில் பல ஊர்களில் வெளிநாட்டவருக்குத் தொண்டர்கள் மொழி சொல்லித் தருகிறார்கள். போன வாரமே நகர மண்டபத்தில் விசாரித்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் கண்டித்துச் சொல்லுங்கள். வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்து தங்கி, சேர்ந்து சமைத்து, தமிழும் மலாயுமாகவே காலத்தைக் கழித்துவிடுவது உண்டு. அந்தக் கூட்டு ஆறுதல்தான், தேவையும்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது அவர்கள்தானே. ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் அதற்குள்ளேயே இருந்தால், உடல்தான் ஜப்பானில் இருக்கும். வாய் கிள்ளானைத் தாண்டியிருக்காது.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, சகோதரி. மகள் தொலைபேசியில் அழைத்தால் 'பசியாறிட்டியா' என்று கேட்பீர்கள். கேளுங்கள், தாய் கேட்காமல் யார் கேட்பது? கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: "இன்னைக்கு யார்கிட்ட பேசினே? என்ன தப்பு விட்டே?" தப்பைச் சொல்லி இருவரும் சிரியுங்கள். அவள் கற்ற ஒரு சொல்லை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவே தப்புத்தப்பாகச் சொல்வதைக் கேட்டால் அவள் வெட்கம் பாதி போய்விடும்.

கித்தா மரம் சீவிய குடும்பம் உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். முதன்முதலில் கத்தி பிடித்த நாளை உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். பட்டையில் ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தாத புதுக்கை உண்டா? மண்டோரிடம் ஏச்சு வாங்காத ஆள் உண்டா? அதற்காக யாரும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் விடியுமுன் அதே மரத்தடியில் போய் நின்றார்கள். பிறகு கை தானாகப் பழகியது.

நாக்கும் அப்படித்தான் பழகும். அதை உங்கள் மகளுக்குச் சொல்ல, உங்கள் மாமியாரைவிடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டார். அவரையே சொல்லச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் திரும்பிப் பார்ப்பார்.