தயிர்சாதமும் துப்பாக்கியும்

"தயிர்சாதம் சாப்பிடறவனுக்கு மிலிட்டரி எதுக்கு ஓய்?" ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் இன்றும் காதில் விழும் வசனம். எங்கள் தெருப் பையன் ஒருவன் என்.டி.ஏ. பரீட்சை எழுதப்போகிறேன் என்றான். இந்த ஒரு வரியைச் சொல்லியே பெரியவர்கள் அவனை உட்கார வைத்துவிட்டார்கள். இது நம் பழமொழி அல்ல. வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சில்.

1752-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் அடைக்கலம் புகுந்து, கடைசியில் சரணடைந்தது இதே ஸ்ரீரங்கம் தீவில்தான். அந்தச் சண்டைகளில் பழகிய நம் சிப்பாய்களைத்தான் 1758-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பட்டாளங்களாகத் திரட்டினார். 1803-ல் அஸ்ஸாயேயில் அவர்கள் காட்டிய வீரத்தின் அடையாளமான யானை, மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் இன்றும் நிற்கிறது.

பிறகு தெற்கே பெரிய யுத்தம் இல்லை. சண்டையில்லாத பட்டாளம் துருப்பிடிக்கும். எந்த ஊர்ப் பட்டாளமும் அப்படித்தான். ஆனால் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை, குறை ரத்தத்தில் இருக்கிறது என்று தீர்ப்பெழுதினார். 'போர்க்குடி' சித்தாந்தம் வளர்ந்தது. பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1920-களில் மிச்சமிருந்தவையும் போயின.

ஹிட்லர் யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டது. 1941-ல் ரெஜிமெண்ட் மறுபடி பிறந்தது. நான்காம் பட்டாளம் பர்மாவில் நன்றாகவே போரிட்டது. சுதந்திரத்துக்குப் பின் காஷ்மீர். 1971-ல் பசந்தர் நதிக்கரையில் பதினாறாம் பட்டாளம். இடையில் ரத்தமா மாறியது? தேவைதான் மாறியது.

"கம்பெனிக்காக நம்மவனையே சுட்டவர்கள்தானே?" என்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. 1806-ல் வேலூர்க் கோட்டையில் அந்தக் கம்பெனியையே எதிர்த்து எழுந்தவர்களும் மெட்ராஸ் சிப்பாய்கள்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டம், "எங்கள் சாதிதான் போர்க்குடி" என்று மார்தட்டுகிறது. அதுவும் ராபர்ட்ஸ் துரையின் பாடம்தான், தலைகீழாகப் படிக்கிறார்கள். தமிழனும் மலையாளியும் தெலுங்கனும் கன்னடனும் ஒன்றாக நின்று "வீர மதராசி, அடி கொல்லு" என்று முழங்கும் ரெஜிமெண்ட் அது. வீரம் பயிற்சியால் வருவது; பரம்பரைச் சொத்து அல்ல.

பேரனைப் பட்டாளத்துக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம். உயிர்ப்பயம் என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. தயிர்சாதத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.