நடுங்கும் கையும் நேர்கோடும்

எங்கள் வீட்டு டேபிள் ஃபேனுக்கு வயது 30க்கு மேல். காற்று இன்னமும் பிய்த்துக்கொண்டுதான் வருகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மட்டும் உடைந்துவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கினேன். "புது ஃபேனே வாங்கிடுங்க சார்" என்றார்கள். இரண்டு மாதமாக என் மனைவி கட்டிங் பிளேயரால் திருகிக்கொண்டிருந்தாள்.

"டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவர்தானே? ஒண்ணு வரைஞ்சு செஞ்சு தரக்கூடாதா?" என்றாள் ஒரு நாள். சுருக்கென்றது. 34 வருடம் டிராயிங் போர்டு முன்னால் நின்றவன்தான். ஆனால் இப்போது பேனாவை எடுத்தாலே கை நடுங்குகிறது. பேங்க்கில் ஒரே கையெழுத்தை இரண்டு தடவை போடச் சொல்கிறார்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் பேத்திதான் லேப்டாப்பில் 'ஃப்ரீகேட்' என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். பைசா செலவில்லை. முதல் வாரம் அழாத குறை. மவுஸைப் பிடித்துக் கோடு இழுத்தால் மண்புழு மாதிரி அலைந்து எங்கோ போய் நிற்கும். மூடி வைத்துவிட்டேன்.

"கோணலா இருந்தா இருக்கட்டும் தாத்தா. சும்மா கிறுக்குங்க, அப்புறம் அதுகிட்ட சொல்லிக்கலாம்" என்றாள் பேத்தி.

அதுதான் சூட்சுமம். சாய்ந்த கோட்டைத் தொட்டு 'நீ படுக்கைக்கோடு' என்று ஒரு பட்டனைத் தட்டினால் நிமிர்ந்துகொள்கிறது. வட்டத்துக்கு விட்டம் 28 மில்லிமீட்டர் என்று டைப் செய்தால் அதுவாகவே அளவுக்கு வருகிறது. எல்லா அளவும் சொல்லி முடித்ததும் வெள்ளைக் கோடுகள் பச்சையாகிவிடும். என் கை நடுக்கம் அந்தப் படத்தில் எங்குமே இல்லை!

இதை 1963-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் 'ஸ்கெட்ச்பேட்' என்று செய்து காட்டிவிட்டாராம். ஒளிப்பேனாவால் திரையில் ஏனோதானோவென்று வரைந்தால் கணினி சீராக்கித் தரும். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் அது! அதற்கப்புறமும் எத்தனை டிரேசிங் பேப்பரை பிளேடால் சுரண்டியிருப்பேன்.

தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் முப்பரிமாண பிரிண்டரில் அச்சடித்துத் தந்தான். குமிழ் தண்டில் ஏறவே இல்லை. தண்டு 6 மில்லிமீட்டர். துளையையும் அச்சாக 6 என்றே கொடுத்திருந்தேன். பிளாஸ்டிக்கில் துளை கொஞ்சம் சிறுத்துத்தான் வருமாம். 6.3 என்று மாற்றினேன். படம் முழுதும் தானே திருந்திக்கொண்டது. இரண்டாவது குமிழ் 'டக்'கென்று உட்கார்ந்தது.

மறுநாளே கேஸ் அடுப்பின் குமிழைக் கொண்டுவந்து நீட்டினாள் மனைவி. அது மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாங்கள் அச்சடித்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிச் சூட்டிலேயே இளகிவிடும்.

இன்று காலை மேஜையில் பீரோவின் உடைந்த கைப்பிடி இருக்கிறது. பக்கத்திலேயே என் பழைய வெர்னியர் காலிப்பரையும் துடைத்து வைத்திருக்கிறாள்.