தாம்போதியும் நாற்சக்கர வலுவும்

பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து இலக்கியப் பொருள் பற்றிய எழுத்தையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள்க. ஆண்டுதோறும் மாரி தொடங்கியதும் எம் நெஞ்சை அலைக்கும் பொருள் வேறு. வெள்ளம் பாயும் தாம்போதியை மோட்டார் வண்டியிற் கடப்பது பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இலண்டனிலும் டொரொன்டோவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் எம் கல்லூரி அன்பர் பலர் ஊர் திரும்புவது பெரும்பாலும் மார்கழி விடுமுறையிலேயாம். வந்தவுடன் உயர்ந்த சக்கரங்களையுடைய ஜீப் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவர். ஊர்மக்கள் 'போர் வீல்' என்று வழங்கும் அவ்வண்டி, நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும் திறன் வாய்ந்தது. ஊர் வந்த மகிழ்ச்சியும், கைக்கீழ் உறுமும் இயந்திரமும், எதிரே ஓடும் வெள்ளமும் ஓரிடத்திற் கூடும்போது மனிதனுக்கு ஒருவகைத் துணிவு பிறக்கின்றது. அத்துணிவு பிழையான துணிவு என்பதே எமது துணிபு.

நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என வரிசையாய் அமைந்த எமது கரையோர ஊர்களின் கிடக்கையை வெளியூர் வாசகர் சிலர் அறியார். கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மணல்மேட்டிலே முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் நெருங்கி வாழ்கின்றனர். வடகீழ்ப் பருவமழை கொட்டி, சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகளும் திறக்கப்படும்போது, மேற்கே பெய்த நீரெல்லாம் வயல்களை மூடிக்கொண்டு கடலைத் தேடி வருகின்றது. அந்நீருக்கு வழிவிடவே வீதியைத் தாழ்த்தித் தாம்போதி அமைத்தார்கள். கோடையில் அது வீதி. மாரியில் அதுவே ஆறு. கல்முனையையும் நாவிதன்வெளிப் பிரதேசத்தையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியும், காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வழியிலுள்ள மாவடிப்பள்ளித் தாம்போதியும் இவ்வகையின. முகத்துவாரம் வெட்டிவிட்டால் நீர்மட்டம் இறங்கும் என்று மக்கள் ஆறுதல் கொள்வர். இறங்கும் என்பது உண்மையே. எனினும் தேங்கி நின்ற நீர் அப்போதுதான் இழுக்கத் தொடங்குகின்றது. மட்டம் குறைந்ததைக் காணும் கண் இழுவை கூடியதைக் காண்பதில்லை.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் நிகழ்ந்ததை இப்பகுதியில் எவரும் மறந்திலர். நிந்தவூரிலிருந்து சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர் பதினொருவர், மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வெள்ளத்தைக் கடக்க முற்பட்டனர். வெள்ளம் அதனைப் புரட்டியது. மாணவர் ஐவர் மீட்கப்பட்டனர். அறுவர் மீளவில்லை, உடன் சென்ற பெரியோரும் மாண்டனர். அடுத்துவந்த நாள்களிற் கடற்படையினரும் இராணுவத்தினரும் ஊர் இளைஞரும் வயல்வெளி வெள்ளத்திலே தேடினார்கள். கரையில் நின்ற தாய்மாரின் முகத்தை எழுத எமக்குச் சொல் இல்லை. சிறுவர்கள் அறியாமல் ஏறினர் என்று சொல்லி நாம் கடந்துவிட முடியாது. உழவு இயந்திரம் போகும் என்ற நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியது யார்? ஆண்டாண்டாகத் தாம்போதியைக் கடந்து காட்டிய நாமெல்லோருமே.

நாமும் ஒருமுறை காட்டினோம். அதனை மறைத்துவிட்டு உபதேசம் செய்தல் முறையன்று.

2011 ஆம் ஆண்டு ஜனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் பெருவெள்ளம். அப்போது நாம் ஆசிரியப் பணியிற் புதியோம். அரிசியும் பாணும் பால்மாவும் ஏற்றிய நிவாரண ஜீப் ஒன்றிலே கிட்டங்கி வழியே அப்பால் உள்ள ஊர்களுக்குச் செல்லப் புறப்பட்டோம். நீரைக் கண்டு நாம் தயங்கியபோது, "நாலு வீலும் இழுக்கும் சேர், பயப்படாதீங்க" என்றார் சாரதி. பயந்தவன் என்ற பெயருக்கு அஞ்சி நாமும் வாய் மூடியிருந்தோம். பாதித் தூரம் வண்டி செம்மையாகவே சென்றது. பின்னர்ப் பின்புறம் மெல்ல ஒருபக்கம் ஒதுங்கிற்று. இயந்திரம் நிற்கவில்லை, சக்கரங்களும் சுழன்றன, ஆயினும் அவை வீதியைப் பற்றவில்லை. வண்டி பக்கவாட்டாய் நகர்ந்து, ஓரத்துக் கொங்கிரீட் தூண் ஒன்றிலே முட்டி நின்றது. அத்தூண் இல்லையேல் இக்கட்டுரையும் இல்லை.

கல்முனைப் பக்கத்து இளைஞர் நால்வர் தோணியிலே கயிறு கொண்டு வந்து எம்மைக் கரை சேர்த்தனர். கரையில் நின்ற முதிய காக்கா ஒருவர் எம்மை மேலும் கீழும் பார்த்தார். "சேர்மார் நீங்களே இப்படிச் செஞ்சா, பொடியன்மார் என்ன செய்வாங்க? பின்னால பாருங்க" என்றார். திரும்பிப் பார்த்தோம். எமது ஜீப் இறங்கியதைக் கண்டு, நீர் ஆழமில்லை என எண்ணி, முச்சக்கர வண்டி ஒன்றும் மோட்டார் சைக்கிள்கள் இரண்டும் எம்மைத் தொடர்ந்து இறங்கியிருந்தன. ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னாற் பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் அமர்ந்திருந்தாள். ஊரார் கூவி அவர்களை மறித்துத் திருப்பினர். தூணில் முட்டிய நடுக்கம் அன்று மாலையே தீர்ந்தது. அக்குழந்தையை எண்ணும் நடுக்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அன்று எமக்கு விளங்காதது, பின்னர் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் விளக்க விளங்கிற்று. நான்கு சக்கரங்களையும் இயந்திரம் சுழற்றுவதனாற் சேற்றிலும் மணலிலும் பெரும்பயன் உண்டு. ஒரு சக்கரம் வழுக்கினும் மற்றொன்று இழுத்துச் செல்லும். ஆனால் சக்கரம் நிலத்தைப் பற்றுவது இயந்திர வலுவால் அன்று, வண்டியின் பாரத்தால். நீரோ அந்தப் பாரத்தையே களவாடுகின்றது. ஒரு கனமீற்றர் நீரின் நிறை ஆயிரம் கிலோகிராம். நாலரை மீற்றர் நீளமும் ஏறக்குறைய 1.8 மீற்றர் அகலமும் உள்ள ஜீப்பின் அடித்தட்டுப் பரப்பு எட்டுச் சதுர மீற்றராகும். அடித்தட்டுக்கு மேலே நீர் பத்துச் சென்ரிமீற்றர் உயருந்தோறும், நீர் உள்ளே புகுமுன்னர், எண்ணூறு கிலோகிராம் பாரம் குறைந்துவிடுகின்றது. முப்பது சென்ரிமீற்றர் உயர்ந்தால் இரண்டரைத் தொன் வண்டி கிட்டத்தட்டத் தக்கையாகின்றது. தக்கைக்கு நான்கு சக்கரம் இருந்தென்ன, நாற்பது இருந்தென்ன?

இது வெறுங்கணக்கு அன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017 ஆம் ஆண்டில் உண்மையான வண்டிகளையே நீரில் நிறுத்திச் சோதித்தனர். ரொயோட்டா யாரிஸ் என்னும் சிறு கார், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் வெறும் 15 சென்ரிமீற்றர் நீரிலேயே நகர்ந்தது. 60 சென்ரிமீற்றரில் மிதந்தது. செக்கனுக்கு ஒரு மீற்றர் என்பது மணிக்கு 3.6 கிலோமீற்றர், ஆறுதலாக நடப்பவரின் வேகம். இரண்டரைத் தொன் நிறையுள்ள நிசான் பட்ரோல் என்னும் நாற்சக்கர இழுவை வண்டியோ, அதேயளவு வேகமுள்ள 45 சென்ரிமீற்றர் நீரில் நிலைதளர்ந்தது. 95 சென்ரிமீற்றரில் ஏறக்குறைய முற்றாக மிதந்து, கையால் தள்ளினும் நகரும் நிலையை எய்தியது. சிறு காருக்கும் பெரு ஜீப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு முழங்கால் அளவினும் குறைவு என்பதை அன்பர்கள் கருதுக. மேலும், ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. வேகம் இருமடங்கானால் தள்ளுவிசை நான்மடங்காகும்.

காற்றுக்குழாயைக் கூரைவரை உயர்த்திய வண்டியைச் சிலர் பெருமையுடன் காட்டுவர். இயந்திரத்தின் உருளைக்குள் நீர் புகுந்தால், காற்றைப் போல் நீர் அமுங்காதாகையால், உள்ளிருக்கும் இணைப்புத் தண்டுகள் வளைந்துவிடும். அதனை அக்குழாய் தடுக்கின்றது; நல்லதே. ஆயினும் அது வண்டிக்கு ஒரு கிலோகிராம் பாரத்தையும் மீட்டுத் தருவதன்று. இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி அடித்துச் செல்லப்படும், அவ்வளவே. உழவு இயந்திரத்தின் கதை வேறு. அதன் முன்பாகம் பாரமானது, பின்சக்கரம் உயர்ந்தது. சேற்றுவயலில் அதற்கு நிகர் இல்லை. அதன் பின்னே கொளுவிய பெட்டியோ இலேசானது. நீரோட்டம் குறுக்கே தாக்க, வீதியின் ஓரமும் அரிப்புண்ட பள்ளமும் கலங்கல் நீரின்கீழ் மறைந்துகிடக்க, அப்பெட்டியில் ஆள்களை ஏற்றுவது எத்தகைய செயல் என்பதை 2024 காட்டிற்று. இடனறிதல் கூறுமிடத்து, வன்மையான உருளை பூண்ட நெடுந்தேரும் கடலுக்கு ஆகாது என்றார் வள்ளுவர். வகுப்பில் அக்குறளைக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்குக் கிட்டங்கித் தூண் நினைவுக்கு வருகின்றது.

பாலம் அமைத்தால் இவையெல்லாம் தீரும் என்பர். உயர்ந்த பாலங்கள் வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாட் கோரிக்கை. நாமும் அதனோடு உடன்படுகின்றோம். நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்கு உரியவளையும் எவ்வாறு கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவது என்றும் கேட்பர். நியாயமான வினா. தோணியும் கயிறும் நீந்தவல்ல ஆளும் உடையோர், வேறு வழி இல்லாதபோது செய்யும் செயல் அது. ஆனால் மாரிக்காலத்தில் தாம்போதியைக் கடப்போரிற் பெரும்பாலோர் நோயாளிகளா? அல்லர். அவர்கள் ஆசிரியர்கள், அலுவலகம் செல்வோர், புத்தகப்பையைத் தலைமேல் ஏந்திய மாணவர்கள். அவர்களைத் தள்ளுவது வெள்ளத்தின் அவசரமன்று, வரவுப் பதிவேட்டின் அவசரம். கையொப்பம் இடும் புத்தகத்திற் சிவப்புக் கோடு விழுந்துவிடுமே என்னும் அச்சம், நீர் பற்றிய அச்சத்தை வென்றுவிடுகின்றது. இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. பல மாரிகள் அவ்வச்சத்தோடே கரையில் நின்றிருக்கின்றோம்.

அந்த 2024 நவம்பரிலேயே, நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையை மழையின் காரணமாக 27 ஆம் நாள் முதல் இடைநிறுத்தி, டிசம்பர் 4 ஆம் நாள் மீண்டும் தொடங்கினார்கள். பல்லாயிரம் மாணவரின் எதிர்காலத்தை அளக்கும் பரீட்சையே ஒரு வாரம் காத்திருக்கக்கூடுமாயின், ஒரு பாடசாலையின் காலை வரவு காத்திருத்தல் இயலாதா? தாம்போதியில் நீர் ஏறிய நாளில் அதற்கப்பாலிருந்து வரவேண்டிய ஆசிரியரும் மாணவரும் வராமை குற்றமன்று என்பதை மாரி தொடங்குமுன்னரே ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு மத்ரசாவும், ஒவ்வோர் அலுவலகமும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பு மழை வந்தபின் வருமாயின் பயனில்லை; அதற்குள் யாரேனும் உழவு இயந்திரத்தில் ஏறியிருப்பர். இதற்குப் பாலம் கட்டும் பணம் தேவையில்லை. ஒரு தாளும் ஓர் அதிபரின் கையொப்பமுமே போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்களிடமும் ஒன்று கேட்போம். உங்கள் வண்டி ஒருவேளை கடந்துவிடலாம், பலமுறை கடந்துமிருக்கலாம். நீங்கள் இறங்கும்போது கரையில் நிற்போர் உங்கள் சக்கரத்தை அளவுகோலாகக் கொள்கின்றனர். உங்கள் ஜீப்பின் உயரம் அவர்களிடம் இல்லை. தாம்போதியின் முன் நீங்கள் வண்டியைத் திருப்பினால், பின்னே நிற்கும் முச்சக்கர வண்டியும் திரும்பும்.

அவ்வாண்டு டிசம்பரில், மழை ஓய்ந்து பாடசாலை கூடியபின், எமது வகுப்பில் மாணவன் ஒருவன் மேலும் இரண்டு நாள் பிந்தி வந்தான். வாசலில் தலை கவிழ்ந்து நின்றவனிடம் காரணம் கேட்டோம். "தண்ணி வத்தல்ல, வாப்பா விடல்ல சேர்" என்று தணிந்த குரலிற் சொன்னான். அடி விழும் என்று எண்ணினான் போலும். "வாப்பாவுக்கு எங்கட சலாத்தச் சொல்லு. போய் இரு தம்பி" என்றோம். அவனுக்காக அன்று புணர்ச்சி விதிகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.