அந்த 41 பேர் யார்?

போர்வீரனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று எவராவது மேடையில் சொன்னால் நாம் உடனே கை தட்டுகிறோம். வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த வீரனுக்கு என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. ‘பொதுவாக எல்லாருக்கும்’ என்கிறார்கள். இந்தப் ‘பொதுவாக’வோடுதான் எனக்குச் சண்டை.

திருச்சி காந்தி மார்க்கெட் வாசலில் ஒரு யுத்த நினைவுச் சின்னம் நிற்கிறது. 1914-ல் மூண்ட உலக யுத்தத்துக்கு அந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள், 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அதன் கல்வெட்டு. அந்த 41 பேர் யார்? எந்தத் தெரு? யார் பெற்ற பிள்ளைகள்? கல் சொல்லாது. மார்க்கெட்டுக்கு வருகிற மூட்டையின் மேல்கூட எந்த மண்டிக்கு என்று எழுதியிருக்கிறது. மாண்ட மனிதனுக்கு அதுவும் இல்லை.

வெள்ளைக்காரன் வைத்த கல் அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். வாஸ்தவம். ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளைப் பெயர் சொல்லிப் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களைப் படைவாரியாகத் தலை எண்ணிப் பொறித்தார்கள். யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-ல் இது நிறவேற்றுமை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நாம் என்ன செய்கிறோம்? துப்பாக்கி பிடித்த ஒரு சிமெண்டு உருவம். பீடத்திலே திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் என்று நான்கு பக்கமும் பெயர். செத்தவன் பெயருக்கு மட்டும் ஐந்தாவது பக்கம் இல்லை!

பெருமாள்மலையிலிருந்து கீழே இறங்கி வைகைக் கரையோரம் போனால், ஆண்டிபட்டி வட்டாரத்தில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006-ல் அங்கே தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. வயது 2,000 ஆண்டுக்கு மேல். ஒரு கல்லிலே, கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்டவன் அந்தவன் என்று ஆளும் ஊரும் காரணமும் இருக்கின்றன. உருவம் கிடையாது. மாடு மீட்கவோ கவரவோ போய்ச் செத்தவனுக்கு நம் முன்னோர் செய்த மரியாதை அது. சிலையை விட்டார்கள், பெயரை விடவில்லை. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

‘பட்டியலை யார் படிப்பார்கள்?’ என்று கேட்கிறார்கள். அவன் பேத்தி படிப்பாள். அது போதாதா? ‘விவரம் கிடைக்காதே’ என்கிறார்கள். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஊரிலே பென்ஷன் வாங்குகிற கிழவர் இருக்கிறார். தன்னோடு போய்த் திரும்பாதவன் பெயரை அவர் மறந்திருக்க மாட்டார். அவரைக் கேட்க வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஊர்ச் சாவடியில் ஒரு கருங்கல் போதும். மாண்டவர் பெயர், ஊர், மாண்ட இடம், ஆண்டு. கீழே, போய்த் திரும்பி வந்தவர்கள் பெயர். இத்தனையும் பொறித்த பிறகு காசு மிஞ்சினால், தாராளமாகச் சிலை வையுங்கள்.