உறுதி அலுமாரிக்குள் இருந்தால் மட்டும் வீடு நமதாகாது



கொஞ்சம் நீளமான பதிவு. வடக்கில் வீடு, வளவு உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு பாடசாலை விடுமுறையிலும் புத்தளத்திலிருந்து நமது ஆட்கள் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்று போய் வருகிறார்கள். வந்து சொல்லும் கதையும் ஒன்றுதான். "சேர், உறுதி என்ட கையில இருக்கு. வீட்டுக்குள்ள வேற ஆக்கள் இருக்காங்க. பொலிஸுக்குப் போனா இது சிவில் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க எண்டு அனுப்புறாங்க."

பொலிஸ் சொல்வது பெரும்பாலும் சட்டப்படி சரிதான். பல வருடமாக உள்ளே இருப்பவரைப் பொலிஸால் இழுத்து வெளியே போட முடியாது. நமது நாட்டுச் சட்டம் உறுதியை மதிக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர் எத்தனை நாள் இருந்தார் என்பதையும் அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. நாம் அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருந்துவிடுகிறோம்.

மூன்று கெடுக்களை மனதில் வையுங்கள்.

முதலாவது 2 மாதம். ஒருவர் உங்களை வெளியே போட்டுவிட்டு அடாத்தாக வீட்டைப் பிடித்தால், சண்டை சச்சரவு வரக்கூடிய நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். பொலிஸும் கொண்டு போகலாம், நீங்களும் போகலாம். 2 மாதத்துக்குள் போனால், உறுதி யாருடையது என்ற பெரிய விசாரணை இல்லாமலே, முன்பு ஆட்சியில் இருந்தவரிடம் வீட்டைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றத்தால் முடியும்.

இரண்டாவது 1 வருடம். அதற்குள் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்சியை மீட்கும் வழக்கு வைக்கலாம்.

மூன்றாவது 10 வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல் 10 வருடம் இருந்தேன் என்று ஒருவர் நிரூபித்தால் காணி அவருக்கே போகலாம். நிரூபிக்க வேண்டியது அவர்தான், அது லேசான காரியமும் இல்லை. ஆனால் நீங்கள் 11ஆவது வருடம் போனால் அந்த வாதத்தை நீங்களே அவர் கையில் கொடுத்ததாக ஆகிவிடும்.

1 வருடம் தாண்டிவிட்டால் மிஞ்சுவது உரித்து வழக்கு. அதில் உறுதி வந்த வழியை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அது முடிய வருடங்கள் ஆகும், அதன் பிறகு மேன்முறையீடு. வழக்கு வைத்த வாப்பா மௌத்தாகி, மகன் தவணைக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

இதே நாட்டில் அரச காணியில் ஒருவர் அடாத்தாக இருந்தால் என்ன நடக்கிறது? 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி 30 நாள் அறிவித்தல் கொடுக்கிறார்கள். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம். அங்கே அவர் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரம் ஒன்றைத்தான். அரசாங்கத்துக்கு இவ்வளவு குறுகிய பாதை, சாதாரண குடிமகனுக்குச் சுற்றுப் பாதை. இதை நான் நியாயம் என்று ஏற்கவில்லை.

நமது விடயத்தில் இன்னொரு அநியாயமும் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில், வழக்குரிமை எழும் நேரத்தில் கடல் கடந்து இருந்தவருக்குச் சலுகை உண்டு. துப்பாக்கிக்குப் பயந்து புத்தளம் முகாமில் கிடந்தவருக்கு ஒரு சலுகையும் இருக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம்தான் அதைக் கொஞ்சம் திருத்தியது. ஆயுதக் குழுவின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதன் கீழ் வழக்கு வைக்கக் கொடுத்தது குறுகிய அவகாசம்தான். அது நமது எத்தனை முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தது? 2009 மே முதல் புதிதாக எண்ணினாலும் 2019 மேயில் 10 வருடம் முடிந்துவிட்டது. அந்த அவகாசத்தை மீண்டும் திறக்கும்படி நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும். தேர்தல் மேடையில் 1990ஐப் பற்றி அழுவதை விட இது பிரயோசனமானது.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியும் இல்லை. போரில் தமது சொந்த வீட்டை இழந்து, காலியாகக் கிடந்த வீட்டில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களும் நம்மைப் போல அகதிகள்தான். அவர்களோடு முதலில் பேச வேண்டும். நல்லெண்ணத்தோடு செலவு செய்து வீட்டைத் திருத்தியவருக்கு அந்தச் செலவைக் கேட்கும் உரிமையைச் சட்டமும் கொடுக்கிறது. மாற்று இடம் கொடுக்கும்படி பிரதேச செயலகத்தைக் கேட்பதில் நாமும் அவர்களோடு நிற்கலாம்.

இன்னொரு வகை, உரித்தே இல்லாதவரிடம் பணம் கொடுத்து வாங்கியவர்கள். இவர்களோடு வாய்ப்பேச்சு போதாது, லோயர்தான் வழி.

மூன்றாவது வகையைப் பற்றிப் பேசத்தான் நமக்குக் கூச்சம். பார்த்துக்கொள்ளச் சொல்லி நாமே இருத்திய சொந்தக்காரர். மச்சான்தானே என்று ஒரு துண்டு எழுதவில்லை. இப்போது அவர் "நான்தான் இத்தனை வருஷம் பார்த்தேன்" என்கிறார். அனுமதியோடு வந்து இருப்பவர் அந்த அனுமதியை வெளிப்படையாக மறுக்காத வரை ஆட்சியுரிமை கேட்க முடியாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் தீர்த்த நகுதா மரிக்கார் வழக்கு முதல் இருந்து வரும் கொள்கை. ஆனால் அனுமதி கொடுத்ததற்கு எழுத்து வேண்டாமா? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவருக்கு மார்க்கம் சொல்லும் எச்சரிக்கையை எல்லா ஜும்ஆவிலும் கேட்கிறோம். அது சொந்தக்காரருக்கும் பொருந்தும்.

இனி, செய்ய வேண்டியவை.

உறுதி தொலைந்தவர்கள் அந்தந்த மாவட்டக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுங்கள். யாராவது அந்தக் காணிக்குப் புது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும்படி அங்கேயே கேவியட் போடலாம். வரி கட்டிய துண்டு, பழைய வாக்காளர் பட்டியல், பழைய படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வீட்டில் யாராவது இருந்தால் அவரிடம் எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள். காலியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது போய் வளவைத் துப்புரவாக்குங்கள், வேலியைக் கட்டுங்கள். வாப்பா மௌத்தாகி இருபது வருடம், பங்கு இன்னும் பிரிக்கவில்லை என்றால் இந்த வருடமே பிரியுங்கள். எல்லோருடைய காணி என்றால் ஒருவரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். பங்காளிகளில் ஒருவர் தனியாகவும் அத்துமீறியவருக்கு எதிராக வழக்கு வைக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆள் பிடித்து அடித்துத் துரத்துவது, தண்ணீரை வெட்டுவது, முகநூலில் இனத்தைச் சொல்லித் திட்டுவது, இவை எதுவும் வேண்டாம். அப்படிச் செய்தால் 66ஆம் பிரிவு உங்களுக்கு எதிராகத் திரும்பும். நாளை அதே தெருவில் நமது பிள்ளைகள் வாழவும் வேண்டும்.

கடைசியாகப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு, காணி ஆவணங்களைப் பார்க்க ஒரு மேசை போடுங்கள். ஒரு சட்டத்தரணியும், விண்ணப்பம் எழுதத் தெரிந்த இரண்டு ஆசிரியர்களும் போதும். எழுதும் வேலைக்கு நான் வருகிறேன். 1990இல் கையெழுத்து வைத்த உறுதிகளைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி எடுப்போம்.