பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டை வாங்கலாமா?

பாபநாசம் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பக்கத்துத் தெருவில் முற்றம் வைத்த ஓட்டு வீடு ஒன்று 8 லட்சம் ரூபாய்க்கு வருகிறது. சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீடு பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. குறுவைப் பணத்தோடு வீட்டு நகையையும் அடகு வைத்து வாங்கி, பழுது பார்த்துக் குடியேறலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம். ஆனால் விலை ஏன் மலிவாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சுவரையும் ஓட்டையும் பார்ப்பதற்கு முன்னால் மனையைப் பார்க்க வேண்டும்.

மனை யாருடையது?

டெல்டா மாவட்டங்களில் பல தெருக்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். குடியிருப்பவருக்குக் கட்டடம் மட்டும்தான் பாத்தியம். மனைக்கு அவர் வாடகை கட்டி வருவார். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கும். அதை வைத்து மனையும் அவருடையது என்று நம்பிவிடக் கூடாது. கோயில் மனையை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றால், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி அந்த விற்பனை செல்லாது. சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ‘அ’ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

அடுத்தது வாரிசு. பூர்வீக வீடு என்றால் அண்ணன் தம்பிகள் கையெழுத்து மட்டும் போதாது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்தது. கட்டிக்கொடுத்த பெண்களின் கையெழுத்தும் கிரயப் பத்திரத்தில் இருக்க வேண்டும். ‘அக்கா ஒன்றும் சொல்லாது’ என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்கினால், பின்னால் வழக்குக்கு அலைவது வாங்கியவர்தான். தாய்ப்பத்திரத்தையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

பதிவுச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 8 லட்சத்துக்கு 72,000 ரூபாய் ஆகும். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 8,000 ரூபாய் மிச்சம். நகை மனைவியுடையது என்றால் பத்திரமும் அவர் பெயரில் இருப்பதுதான் நியாயம்.

மழையில் பார்க்க வேண்டும்

கோடையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் உண்மை தெரியும். உடைந்த ஓட்டை மாற்றுவது பெரிய செலவில்லை, மரம்தான் செலவு. கைமரமும் உத்திரமும் சுவருக்குள் பதிகிற இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். மாவு போல இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கூரை இழந்த ஓட்டு வீடுகள் ஏராளம். கூரையைப் பிரித்து வேயும்போதே கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்துப் பிணைத்துவிட வேண்டும்.

நம் களிமண் தண்ணீரில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். வயலில் நடப்பதுதான் வீட்டுக்கு அடியிலும் நடக்கிறது. சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைக்கலாம். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்; அதற்கு அடித்தளத்தில் வேலை செய்ய வேண்டும், மேலே பூசி மறைத்துப் பயனில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு ஆகாது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்துப் பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குப் பொருத்தம்.

சுவரில் கரையான் தடம் தெரிந்தால் தடத்தைச் சுரண்டிவிட்டால் மட்டும் போதாது. இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து, சுவரோரத் தரையில் துளையிட்டு ஊற்ற வேண்டும். கிணற்றுப் பக்கமும் நெல், விதை வைக்கும் இடத்திலும் இதைச் செய்யக் கூடாது.

பணத்தை எதற்கு முதலில் போடுவது?

முதலில் கூரை, அடுத்து சுவரின் அடிப்பகுதி, மூன்றாவது கரையான், பிறகு கழிப்பறையும் மின்கம்பி வேலையும். தரைக்கு டைல்ஸ், வர்ணம் எல்லாம் அடுத்த வருட அறுவடைக்கு நிற்கட்டும். சம்பா நடவுக்கும் உரத்துக்கும் வேண்டிய பணத்தை மட்டும் தொடக் கூடாது. நடவு தவறினால் நகையை மீட்கவும் வழியில்லாமல் போகும். வீடும் பாதியில் நிற்கும்.

பத்து வருடம் பூட்டிக் கிடந்த வீடு இன்னும் இரண்டு மாதம் பொறுக்கும். ‘வேறு ஆள் வருகிறார்’ என்று தரகர் அவசரப்படுத்தினாலும், ‘அ’ பதிவேட்டையும் ஒரு அடைமழையையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.